கயிற்றுக்கு வெளியே: சறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது

பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்குள் இருப்பது பக்குவப்படுத்திய பனி. இரவில் இயந்திரம் ஓட்டி அழுத்துகிறார்கள். ஆபத்தான சாய்வுகளில் வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே தள்ளிவிடுகிறார்கள். யாராவது விழுந்தால் ரோந்துக் குழு வந்துவிடும். எல்லைக் கயிற்றைத் தாண்டிய அடுத்த அடியில் இந்த மூன்றும் கிடையாது. செங்குத்தான தடங்களில் அநாயாசமாக இறங்கிப் பழகியவர்கள்தான் இதைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

பழக வேண்டிய முதல் விஷயம் கோணம். மேலே படிந்த பனி ஒரே பலகையாகப் பிளந்து இறங்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நிகழ்கின்றன. 38 டிகிரியை ஒட்டி மிக அதிகம். சறுக்க ஆசையைத் தூண்டும் சாய்வும் ஏறக்குறைய இதுவேதான். கண் மதிப்பீட்டில் 5 டிகிரி தவறுவது சாதாரணம். ஆகவே கோணமானியால் அளந்து பாருங்கள், சாய்வுக்கு வண்ணமிட்ட வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நிற்கும் இடம் 25 டிகிரிதானே என்று திருப்தி அடைந்துவிடவும் கூடாது. தலைக்கு மேலே 35 டிகிரி சாய்வு இருந்தால், கீழே சமதளத்தில் நடப்பவரே அதை உடைத்துத் தன்மேல் விழச் செய்ய முடியும்.

இது எப்படி நேர்கிறது? பனி மெல்லியதாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கும் நாட்களில், தரையருகே உள்ள வெப்பத்துக்கும் மேற்பரப்பின் குளிருக்கும் உள்ள வேறுபாடு பனித்துகள்களைச் சர்க்கரைபோல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக்குகிறது. அதன்மேல் காற்று வாரிக்கொட்டிய பனி இறுகிப் பலகையாகிறது. அடியிலுள்ள அந்த ஒட்டாத அடுக்கைக் குலைக்க ஓர் ஆளின் எடை போதும். பனிச்சரிவு உயிர்ப்பலிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தில் அதைத் தூண்டிவிட்டவர் சிக்கியவரே, அல்லது அவரோடு வந்தவர். அப்படியென்றால் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை.

மலை முன்கூட்டியே சொல்லிவிடும் அறிகுறிகள் உண்டு: பக்கத்துச் சாய்வில் புதிதாகச் சரிந்த தடம், காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் ஓசை, காலில் மாட்டிய ஸ்கீயின் நுனியிலிருந்து ஓடும் விரிசல், ஒரே நாளில் 30 செ.மீ. புதுப்பனி, மழை, திடீர் வெப்பம். 'வும்ப்' கேட்ட பிறகும் குழுவுக்குள் விவாதம் நடத்துவது வீண். அது அடியிலுள்ள அடுக்கு அப்போதே நொறுங்கிய சத்தம்.

பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையில் 5 நிலைகள் இருக்கும். 3 நடுவில் நிற்பதால் 'சுமாரான ஆபத்து' என்று படித்துவிடுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு படிக்கும் ஆபத்து பலமடங்கு ஏறுகிறது. அதிகம் பேர் இறப்பதும் 3-ஆம் நிலை நாட்களில்தான், ஏனெனில் 4-இலும் 5-இலும் பெரும்பாலோர் செங்குத்தான சாய்வுப் பக்கமே போவதில்லை.

குழி தோண்டி சாய்வுக்குக் குறுக்கே 90 செ.மீ. அகலமும் மேல்நோக்கி 30 செ.மீ. நீளமும் உள்ள பனித்தூணை வெட்டி, மேலே வைத்த மண்வெட்டியில் மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளால் 10 தட்டு தட்டிப் பார்க்கும் சோதனையைப் பயிற்சியில் ஆர்வமாகக் கற்றுக்கொள்வார்கள். விரிசல் தூண் முழுவதும் ஓடினால் திரும்பிவிடலாம். ஓடாவிட்டால் அதை அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து மீட்டர் தள்ளித் தோண்டியிருந்தால் விடை வேறாக இருந்திருக்கலாம்.

ஏற்றத்துக்கான நேரக்கணக்கு எளிது: தொலைவைக் கிலோமீட்டரிலும் ஏற்றத்தை நூறு மீட்டருக்கு ஒன்று எனவும் கூட்டி 4-ஆல் வகுக்க வேண்டும். 5 கி.மீ., 900 மீட்டர் என்றால் மூன்றரை மணி நேரம். புதியவர்கள் தாராளமாக ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஏறுபட்டையின் பசையில் பனித்தூள் ஏறினால் ஒட்டாது. இடைவேளையில் அதைக் கோட்டுக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னோபோர்டு ஓட்டுபவர்கள் ஏறும்போது ஸ்கீபோல இரண்டாகப் பிரியும் ஸ்பிளிட்போர்டு வாங்குவது நல்லது. ஆனால் போர்டாக இணைத்த பிறகு, சமதளம் நீண்டால் அவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள். வழியைத் தேர்வு செய்யும்போதே இதை நினைக்க வேண்டும்.

ஆபத்தான சாய்வில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் இறங்க, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். கைத்தடிப் பட்டைகளை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.

புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10 நிமிடங்களில் ஏறத்தாழ 90 சதவீதம், அரை மணியில் ஏறத்தாழ 30. வெளியிலிருந்து உதவி வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும் என்பதால் தேடுவது உடனிருப்பவர்களின் வேலை. ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க வானொலிச் சமிக்ஞையை அனுப்பவும் பெறவும் செய்யும் கருவி), பனிக்குள் குத்தித் தேடக் குறைந்தது 240 செ.மீ. துழாவுகோல், உலோக மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மண்வெட்டி இறுகிய பனியில் உடையும். தேடுபவரின் டிரான்ஸீவருக்கு அரை மீட்டருக்குள் கைபேசி இருந்தால் சமிக்ஞை குழம்பும்.

புதைந்தவருக்கு மூன்று மீட்டருக்குள் வந்ததும் டிரான்ஸீவரைப் பனியை ஒட்டித் தாழ்த்தி, மெதுவாகக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி, அது காட்டும் தொலைவு எண் மிகக் குறைவாக உள்ள இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருள்வட்டமாக, பனிப்பரப்புக்குச் செங்குத்தாகத் துழாவுங்கள். ஆள் தட்டுப்பட்டால் கோலை உருவக் கூடாது. தலைக்கு நேர்மேலே தோண்டினால் அவர் மூச்சுவிடும் வெற்றிடம் நொறுங்கும். புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு கீழ்ச்சாய்வில் விலகி நின்று பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். முகம் தெரிந்தவுடன் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்துவிட்டு, மார்பின் மேல் அழுத்தும் பனியை அகற்றுங்கள். கால்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.