ஸ்கேன்: மூளையை அலகிடல்

தலையில் அடிபட்டவரையோ பக்கவாதம் தாக்கியவரையோ மருத்துவமனையில் சேர்த்தால், உறவினர்கள் முதலில் கேட்பது 'ஸ்கேன் எடுத்தாயிற்றா?' என்பதுதான். ஸ்கேன் என்ற சொல்லோடு 'எடு' என்ற வினையைச் சேர்த்தே வழங்குகிறோம். படம் எடுப்பதைப் போல இதுவும் ஒரு வகைப் படப்பிடிப்பு என்ற எண்ணம் அந்த வழக்கில் ஒளிந்திருக்கிறது. படத்தில் விழாதது இல்லை என்று நம்பும் மனம், ஸ்கேனில் தெரியாத சேதமும் இல்லை என்றே முடிவுகட்டிவிடுகிறது. சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் இது படப்பிடிப்புத் துறையில் பிறந்த சொல்லே அன்று என்பது விளங்கும்; அது யாப்பிலக்கணத்திலிருந்து வந்தது.

இலத்தீன் மொழியில் 'ஸ்கான்டெரே' என்றால் ஏறுதல். செய்யுளை அதன் அடிகளில் காலெடுத்து வைத்து ஏறிச் செல்வதாகக் கருதி, சீர் பிரித்துப் பார்ப்பதற்கும் பிற்கால இலத்தீனில் அதே சொல் வழங்கியது. இடைக்கால ஆங்கிலம் அந்தப் பொருளில்தான் இதைக் கடன் வாங்கியது. இறுதியிலிருந்த டகர ஒலியை இறந்தகால விகுதி என்று மயங்கி விட்டுவிட்டார்கள் என்று கருதப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் ஒன்றைப் புள்ளி புள்ளியாக உற்று ஆராய்தல் என்ற பொருளும், 20ஆம் நூற்றாண்டில் அதற்கு நேர்மாறாக மேலோட்டமாகக் கண்ணோட்டம் விடுதல் என்ற பொருளும் சேர்ந்துகொண்டன. தொலைக்காட்சி தோன்றியபோது, காட்சியை வரி வரியாகப் பிரித்து ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவையும் வரிசையாக அனுப்பும் முறைக்கு இச்சொல் பொருந்தி வந்தது. மருத்துவ ஸ்கேன் பிறந்தது இந்தக் கடைசிப் பொருளிலிருந்துதான்.

செய்யுளைச் சீரும் அசையுமாகப் பிரிக்கும் இதே வேலைக்குத் தமிழில் அலகிடுதல் என்று பெயர். 'மூளை' என்பதை அலகிட்டால் நேர் நேர், அதாவது தேமா. 'படிமம்' நிரை நேர், அதாவது புளிமா. அலகு என்பதற்கு எண், அளவு என்ற பொருள்கள் உண்டு. எண்ணற்ற என்னும் பொருளில் 'அலகிலா' என்று வருவது அதனால்தான். இதே வடிவச் சொல்லுக்குத் துடைப்பத்தால் பெருக்குதல் என்றும் பொருள் உண்டு; அப்பர் தேவாரத்தில் வரும் 'அலகிட்டு மெழுக்கும் இட்டு' என்பது அந்தப் பொருளில்தான். ஒரு பரப்பை ஓரிடமும் விடாமல் கடந்து செல்லுதல், கடந்த இடத்தையெல்லாம் எண்ணாக அளத்தல் என்ற இரண்டும் ஒரே சொல்லில் கிடைப்பது கலைச்சொல் ஆக்குபவருக்கு வாய்த்த நற்பேறு. மூளையை ஸ்கேன் செய்யும் கருவி செய்வதும் இந்த இரண்டையுமேதான்.

இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபின், உடைந்த எலும்பைப் பார்ப்பது எளிதாயிற்று. ஆனால் மூளைக்கு அது உதவவில்லை. மண்டையோடு கதிரைப் பெரிதும் தடுக்க, உள்ளே இருக்கும் மென்திசுவும் நீரும் குருதியும் கதிரை ஏறத்தாழ ஒரே அளவில் கடத்துவதால், மூளை இருந்த இடம் படத்தில் வெறும் சாம்பல் பரப்பாகவே தெரிந்தது. மூளைக்குள் இருக்கும் நீரறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறையை வால்டர் டாண்டி 1918இல் கொண்டுவந்தார். கழுத்துத் தமனியில் கதிரைத் தடுக்கும் திரவத்தைச் செலுத்தி இரத்தக் குழாய்களைப் பார்க்கும் முறையை ஏகாஸ் மோனிஸ் 1927இல் கண்டார். இரண்டுமே மூளையை நேரில் காட்டவில்லை. நீரறை ஒரு பக்கம் தள்ளப்பட்டிருந்தால், அங்கே ஏதோ கட்டியோ குருதியோ இருக்க வேண்டும் என்று ஊகிக்க மட்டுமே முடிந்தது. நோயாளிக்கோ, காற்றைச் செலுத்தும் முறை கடும் தலைவலியையும் வாந்தியையும் கொடுத்த சோதனை.

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. மெல்லிய எக்ஸ் கதிர்க் கற்றை ஒன்று தலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நேர்கோட்டில் நகர்ந்து 160 இடங்களில் அளவெடுக்கும். பிறகு கருவி 1 பாகை திரும்பும். மீண்டும் 160 அளவுகள். இப்படி 180 முறை திரும்பி முடிக்கையில் 28,800 அளவீடுகள் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் இருந்த எல்லாத் திசுக்களும் சேர்ந்து எவ்வளவு கதிரைத் தடுத்தன என்ற மொத்தக் கணக்கு மட்டுமே. அந்த மொத்தங்களிலிருந்து, தலையின் அந்தக் குறுக்குவெட்டில் 80க்கு 80 கட்டங்களில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே எவ்வளவு தடுத்தது என்பதைக் கணினி கணக்கிட்டது. இதற்கான கணிதத்தை ஆலன் கார்மாக் 1963, 1964ஆம் ஆண்டுகளில் தனியே வெளியிட்டிருந்தார். 1979இல் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆக, சி.டி. (கணினி டோமோகிராஃபி) என்று பெயர்பெற்ற இந்த ஸ்கேனில் திரையில் காண்பது ஓர் எண் அட்டவணைக்குப் பூசிய சாம்பல் நிறம். அந்த எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே அலகாக நிற்கிறது. நீருக்கு 0, காற்றுக்கு −1000. மூளையில் நரம்பிழைகள் செறிந்த வெண்பொருள் ஏறத்தாழ 20 முதல் 30 வரை, நரம்பணுக்கள் செறிந்த சாம்பல் பொருள் 40ஐ ஒட்டி, புதிதாக உறைந்த குருதி 60 முதல் 80 வரை, அடர்ந்த எலும்பு 1000ஐத் தாண்டும். வெண்பொருளுக்கும் சாம்பல் பொருளுக்கும் இடையே உள்ள இந்தச் சிறு வேறுபாட்டைத்தான் பழைய எக்ஸ் கதிர்ப் படம் காட்ட மாட்டாமல் தோற்றது.

தலைக்காயத்தில் சி.டி.யின் வலிமை குருதியைக் காட்டுவதில் இருக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளையைப் போர்த்தியுள்ள கெட்டியான வெளியுறைக்கும் இடையே தமனி கிழிந்து குருதி தேங்கினால், உறை எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் குருதி பரவ இடமின்றி, இருபுறமும் குவிந்த வில்லையின் வடிவில் வெண்மையாகத் தெரியும். அதே உறைக்குக் கீழே சிரை கிழிந்து கசிந்தால், தடுப்பு இல்லாமல் மூளையின் மேற்பரப்பை ஒட்டிப் பிறைபோல் பரவும். எங்கே கிழிந்தது என்பதை வடிவமே சொல்லிவிடுகிறது. பக்கவாதத்திலும் முதல் கேள்வி குருதிக் கசிவு உண்டா என்பதே. குழாய் அடைபட்டவருக்குக் கொடுக்கும், உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்து, கசிவு உள்ளவரின் உயிரையே பறிக்கக்கூடும். அடைப்பினால் வந்த பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சி.டி. இயல்பாகவே தோன்றலாம். அங்கே 'ஒன்றும் தெரியவில்லை' என்பதற்குக் குருதிக் கசிவு இல்லை என்பதுதான் பொருள். மூளை நலமாக இருக்கிறது என்பது பொருள் அன்று.

'சி.டி.' என்பதன் இரண்டாம் எழுத்து குறிக்கும் டோமோகிராஃபி, கிரேக்கத்தில் வெட்டு அல்லது துண்டு என்று பொருள்படும் 'டோமோஸ்' என்ற சொல்லும் எழுதுதல் என்ற சொல்லும் சேர்ந்தது. வெட்டமுடியாதது என்னும் பொருளில் 'ஆட்டம்' என்று அணுவுக்குப் பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். ஆகவே 'கணினி வெட்டு வரைவு' என்ற தமிழாக்கம் மூலத்துக்கு நேர்மையானது. அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சும் நோயாளியின் காதில் 'வெட்டு' என்பது எப்படி ஒலிக்கும் என்று கேட்டால், அந்தக் கவலையிலும் நியாயம் உண்டு; 'குறுக்குவெட்டு' என்று முழுமையாக எழுதினால் அச்சம் பாதி நீங்கும்.

எம்.ஆர்.ஐ.யின் கதை வேறு. அதில் எக்ஸ் கதிர் இல்லை. வலிய காந்தப்புலத்தில் உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழல்கின்றன, 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அது ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால் மட்டுமே அவை ஆற்றலை ஏற்று, பிறகு திருப்பி உமிழும். 1946இல் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்டு பர்செலும் தனித்தனியே கண்ட இந்த நிகழ்வைப் படமாக்கும் வழியை 1973இல் பால் லாட்டர்பர் காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. 'அணுக்கரு' என்ற முன்னொட்டு மக்களை மிரட்டும் என்று அது பெயரிலிருந்து கழற்றப்பட்டது.

எம்.ஆர்.ஐ. என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் குறிக்கும் 'மேக்னடிக் ரெசொனன்ஸ்' என்பதைத் தமிழ் நாளிதழ்கள் 'காந்த அதிர்வு' என்று எழுதுகின்றன. அதிர்வு என்றால் வெறும் நடுக்கம். புறத்திலிருந்து வரும் அலையின் அதிர்வெண் உள்ளிருப்பதன் அதிர்வெண்ணோடு ஒத்தால்தான் வேலை நடக்கும் என்ற உயிர்க்கருத்து அதில் விடுபட்டுப்போகிறது. 'ஒத்ததிர்வு' என்பதே சரி. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் 'பரிவு' இன்னும் அழகானது; ஒன்றின் அசைவுக்கு மற்றொன்று இசைந்து அசைவதை அது இரண்டே அசையில் சொல்லிவிடுகிறது. ஆனால் தமிழகத்து வாசகருக்கு இரக்கம் என்ற பொருளே முந்தி வரும் என்பதால் 'காந்த ஒத்ததிர்வுப் படிமம்' என்றே எழுதலாம்.

மூளைச் சேதத்தில் எம்.ஆர்.ஐ. காட்டுவது சி.டி. காணாத இடங்களை. குருதி வரத்து நின்ற சில நிமிடங்களிலேயே உயிரணுக்கள் வீங்கி, அங்குள்ள நீர் மூலக்கூறுகளின் விரவல், அதாவது தாமாக நகர்ந்து பரவும் அசைவு, குறையும். விரவலை அளக்கும் முறையில் அந்த இடம் பளிச்சென ஒளிரும். தலை வேகமாகச் சுழன்று நிற்கும் விபத்துகளில் ஆக்ஸான் என்னும் நரம்பிழைகள் பல இடங்களில் அறுபடுகின்றன. நோயாளி நினைவின்றிக் கிடக்க, சி.டி. ஏறக்குறைய இயல்பாக இருப்பது இந்த வகைக் காயத்தில் அரிதன்று. இரும்பேறிய நுண்கசிவுகளை உணரும் எம்.ஆர்.ஐ. முறைகளில் அவை கரும்புள்ளிகளாகத் தென்படும்.

இவையெல்லாம் உருவத்தைப் பற்றியவை. செயலைப் பார்க்க வேறு அலகிடல்கள் உண்டு. பெட் ஸ்கேன், கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு உட்கொள்கிறது என்று அளக்கிறது. செயல்சார் எம்.ஆர்.ஐ., குருதியின் ஆக்ஸிஜன் மாற்றத்தைக் கொண்டு எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று மறைமுகமாகக் காட்டுகிறது. அதன் அடிப்படையை 1990இல் செய்ஜி ஒகாவா விளக்கினார். 2006இல் ஏட்ரியன் ஓவனின் குழு, விழித்திருந்தும் உணர்வற்றவராகக் கருதப்பட்ட ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, நலமான ஒருவருக்கு இயங்கும் அதே மூளைப்பகுதி அவருக்கும் இயங்கியதைப் பதிவுசெய்தது. கடுமையாகச் சேதமடைந்த மூளையில் உணர்வு எஞ்சியிருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. மறுதலையாக, லேசான தலையதிர்ச்சிக்குப் பின் வாரக்கணக்கில் மறதியும் தலைச்சுற்றலும் உள்ளவரின் சி.டி.யும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யும் அப்பழுக்கின்றி இருப்பதுண்டு. தலையில் மீண்டும் மீண்டும் அடிபடும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் மற்ற விளையாட்டு வீரர்களுக்கும் நேரும் நாட்பட்ட மூளைச் சிதைவு நோயை உறுதிசெய்ய, இறந்தபின் திசுவை ஆராய்வதே இன்றுவரை வழி.

இனி, தமிழாக்கம். 'வருடல்' என்பதே இப்போது பரவலாக வழங்குகிறது. தாளின் மீது ஒளிக்கோடு மெல்ல ஊர்ந்து செல்லும் அலுவலகக் கருவிக்கு 'வருடி' என்ற பெயர் கச்சிதமானது. தலையை ஊடுருவி, உள்ளே கட்டம் கட்டமாக எண் இடும் கருவிக்கு அது பொருந்தவில்லை. வருடுவது மேற்பரப்போடு நின்றுவிடும். 'நுண்ணாய்வு' எந்தச் சோதனைக்கும் பொருந்தும் பொதுச்சொல். ஆகவே எதையும் தனித்துக் குறிப்பதில்லை. எனவே செயலுக்கு 'அலகிடல்', கருவிக்கு 'அலகி', இவ்வகை முறைகள் அனைத்தையும் தழுவிய துறைக்கு 'மூளைப் படிமவியல்' என்று கொள்வது என் பரிந்துரை. சேதம், காயம் என்ற சொற்களையும் கலக்காமல் ஆள வேண்டும்: காயம் புற விசையால் வருவது, சேதம் அதனாலும் பக்கவாதம், தொற்று, ஆக்ஸிஜன் குறைவு முதலியவற்றாலும் வருவது. 'மூளைச்சாவு' இவற்றோடு சேராத தனி நிலை.

பேச்சில் ஸ்கேன் ஸ்கேனாகவே இருக்கட்டும். அவசரத்தில் வருபவரிடம் அலகிடச் சொல்லி யாரும் குழப்ப வேண்டியதில்லை. எழுத்தில்தான் கவனம் தேவை. 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்று மொட்டையாக எழுதும் செய்திக்குறிப்பு, 'தலையின் சி.டி. அலகிடலில் குருதிக் கசிவோ எலும்பு முறிவோ தென்படவில்லை' என்று எந்த முறை, எதைத் தேடியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.