நெய் கடைசியில்தான்: இனிப்பு பிரட் டோஸ்ட்டை இலகுவாக்குவது எப்படி?

தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டி, மேலே சர்க்கரை தூவிய பிரட் டோஸ்ட் மாலை டீக்கு அருமையான துணை. அதில் கலோரியைக் குறைத்து இலகுவாக்க நினைத்து நான் முதலில் கை வைத்தது சர்க்கரையில்தான். கணக்குப் போட்ட பிறகே தவறு புரிந்தது. ஒரு துண்டுக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் சுமார் 32 கலோரி. அதையே வாட்ட ஒரு மேசைக்கரண்டி நெய் விட்டால் கிட்டத்தட்ட 120 கலோரி! ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் கொழுப்பில் 9.

இவ்வளவு நெய் எங்கே போகிறது? பிரட் ஒரு பஞ்சு. சூடான நெய்யின் மேல் வைத்ததுமே அதன் நுண்துளைகள் நெய்யை உள்ளே இழுத்துக்கொள்ளும். கல் வறண்டு தெரியும், நாம் இன்னும் கொஞ்சம் விடுவோம். உள்ளே போய்விட்ட நெய்யால் மணம் பெரிதாகக் கூடுவதில்லை, கனம்தான் கூடுகிறது.

சரி, நெய் இல்லாமல் பிரட் சிவக்குமா? நன்றாகவே சிவக்கும். பிரட்டில் உள்ள குளுக்கோஸ், மால்டோஸ் போன்ற சர்க்கரைகள், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களோடு சூட்டில் வினைபுரிவதால் வருவதுதான் அந்தப் பொன்னிறமும் மணமும். 1912இல் பிரான்சின் வேதியியலாளர் லூயி கமில் மயார் விவரித்ததால் இதற்கு மயார் வினை என்று பெயர். இது வேகம் பிடிக்கச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் போன பிறகுதான் சிவக்கத் தொடங்கும். அதனால் மிதமான தீ, கொஞ்சம் பொறுமை.

இந்த வினைக்குப் பால் நல்ல துணை. அதில் புரதமும் உண்டு, வினையில் சேரும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் உண்டு. நாம் தூவும் வெள்ளைச் சர்க்கரை இந்த வினையில் நேரடியாகச் சேராது என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். பிரட்டின் ஒரு பக்கத்தை வெறும் கல்லில் வாட்டுவேன். மறுபக்கத்தில் ஒரு தேக்கரண்டி பாலை மெல்லத் தடவி, திருப்பிப் போட்டுப் பொன்னிறமாக்குவேன். கருக விடக் கூடாது. 120 டிகிரிக்கு மேல் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகத் தொடங்கும், நிறம் கறுக்கக் கறுக்க அது கூடும். அப்புறம் அடுப்பை அணைத்து, பால் தடவிய பக்கத்தில் அரைத் தேக்கரண்டி நெய் பூசி, ஏலக்காயோடு பொடித்த சர்க்கரை ஒரு தேக்கரண்டி தூவுவேன். நெய், சர்க்கரை, பால் எல்லாம் சேர்ந்தே சுமார் 40 கலோரிதான்.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை போதுமா? நாக்கில் கரைவதுதான் இனிக்கும். சர்க்கரை மேலேயே இருப்பதால், அந்தப் பக்கம் நாக்கில் படும்படி கடித்தால் இனிப்பு உடனே தெரியும். பாயசத்திலும் கேசரியிலும் இனிப்போடு சேர்ந்தே பழகிய ஏலக்காய் மணமும் அந்த இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும்.

சுட்டதும் தட்டில் படுக்கப் போடாதீர்கள். உள்ளிருந்து வரும் ஆவி அடியில் நீராகி மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். ஒரு கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்தால் போதும்.