மைனர், இளவர்: சொல் விளக்கம்

மைனர் என்பது 18 வயது நிறையாதவரைக் குறிக்கும் சட்டச் சொல். தமிழில் இளவர். அகராதிக்கு இது போதும், பேச்சு வழக்குக்குப் போதாது. பாம்பனிலோ தொண்டியிலோ ஒருவர் ‘அவன் பெரிய மைனருப்பா’ என்றால் வயதைச் சொல்லவில்லை. மடிப்புக் கலையாத வேட்டி, கழுத்தில் மைனர் செயின், வேலைவெட்டி இல்லாத சுற்றல் என்று திரியும் நாற்பது வயது ஆளைச் சொல்கிறார். அப்படிச் சொன்னவரே பத்திரம் எழுதப் போனால் ‘மைனர் பையனுக்கு அம்மா கார்டியன்’ என்பார். இப்போது மூன்றாவதாக ஒரு வழக்கும் வந்துவிட்டது: ‘குரூப்ல மைனர் பசங்களைச் சேர்க்காதீங்க.’

கடல் நிலவரம், மீன் விலை, ஊர்ச் செய்தி என்று ராமநாதபுரம் கரை நெடுக வாட்ஸ்அப் குழுக்கள். இவற்றில் பிள்ளைகளை விடலாமா என்ற பேச்சு வந்தால் இந்தச் சொல்தான் வாசலை மறித்து நிற்கிறது. மறிப்பதற்காகப் பிறந்த சொல்தானா அது?

லத்தீனில் ‘மினோர்’ என்றால் இன்னும் சிறியது, இளையது. கணக்கில் வரும் மைனஸுக்கும் இதே வேர்தான். மந்திரியைக் குறிக்கும் மினிஸ்டரும் இந்தக் குடும்பமே. ஏவல் செய்பவர் என்பது அதன் பழைய பொருள். இதை எந்த மந்திரியிடமும் சொல்லிப் பயனில்லை.

நம் ஊருக்கு இந்தச் சொல் ஆங்கிலேயர் சட்டத்தோடு வந்தது. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுபிள்ளையாக இருந்தால், ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்ற அரசு அமைப்பு அந்தச் சொத்தை நிர்வகிக்கும். ராமநாதபுரத்துக்கு இது சொந்தக் கதை. 1873இல் ஜமீன்தார் முத்துராமலிங்க சேதுபதி காலமானபோது மகன் பாஸ்கர சேதுபதி 1868இல் பிறந்த சின்னப் பிள்ளை. ஜமீன் நிர்வாகம் ஆங்கில அரசின் பொறுப்புக்குப் போனது, பிள்ளையைச் சென்னையில் வைத்துப் படிக்கவைத்தார்கள். 1889இல் ஜமீன் அவர் கைக்கு வந்தது. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணை நின்றவரும், 1897 ஜனவரியில் அவர் பாம்பனில் வந்திறங்கியபோது வரவேற்றவரும் இவரே.

மைனராக இருந்த அத்தனை ஆண்டும் ஜமீனுக்கு உரியவர் பாஸ்கர சேதுபதிதான். சொத்து அவருடையது, சாவி மட்டும் வேறொருவரிடம். மைனர் என்ற சொல்லின் சாரம் இதுதான் என்பது என் கட்சி. உரிமை உள்ளவர், ஆனால் உடன் ஒரு காப்பாளர் வேண்டியவர். வெளியாள் என்ற பொருள் அதில் எங்கேயும் இல்லை.

ஜமீன் வாரிசுகளில் சிலர் சாவி கைக்கு வந்ததும் ஆடித் தீர்த்தார்கள். ஊர் அவர்களை அப்போதும் மைனர் என்றே கூப்பிட்டது. அப்புறம் அந்தச் சொல் வயதை விட்டுவிட்டு நடத்தையில் ஒட்டிக்கொண்டது. மைனர் செயின் அங்கிருந்து வந்த வாரிசு.

சரி, சட்டம் மைனரை எப்படி நடத்துகிறது? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல், அன்று நமக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொன்னது. ஆக, 14 வயதுப் பிள்ளை ஒரு செயலியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பட்டனை அழுத்தினால், அந்த நீளமான நிபந்தனைகளைக் காட்டி அவனைக் கட்டிப்போடுவது கடினம். இது கதவை அடைக்கும் பக்கம்.

திறக்கும் பக்கமும் உண்டு, அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, கூட்டாளிகள் எல்லோரும் சம்மதித்தால் மைனரைத் தொழிலின் ஆதாயங்களில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. லாபத்தில் அவனுக்குப் பங்கு உண்டு. கணக்கைப் பார்க்கலாம். நஷ்டம் வந்தால் அவன் சொந்தச் சொத்தில் கைவைக்க முடியாது. வயது நிறைந்தபின், கூட்டாளியாகத் தொடர்வதா விலகுவதா என்று முடிவெடுக்க ஆறு மாத அவகாசமும் உண்டு. இணையக் குழு நடத்துகிறவர்கள் ஆயிரம் விதி எழுதுகிறார்கள், இந்த ஒரு பிரிவைப் படித்திருந்தால் பாதி வேலை மிச்சம். பத்து வயது தாண்டிய பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே வங்கிகளுக்கு வழிவிட்டது. காசை நம்பிக் கொடுக்கலாமாம், மீன் விலைக் குழுவில் சேர்க்கக் கூடாதாம்!

இணையத்துக்கென்று வந்த சட்டங்களில் கோடு ஆளுக்கொரு இடத்தில் விழுகிறது. குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்கான அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயது என்றது. வாட்ஸ்அப் உட்படப் பல செயலிகள் 13 கேட்பது அதன் நிழலில்தான். ஆஸ்திரேலியா 2024இல் சட்டம் இயற்றி, 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று 2025 டிசம்பரில் நடைமுறைப்படுத்தியது. நம்முடைய 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டம் 18 நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைத் தொடப் பெற்றோர் சம்மதம் வேண்டும், பின்தொடர்ந்து வேவு பார்க்கவோ குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது. இந்தக் கடைசி விதி எனக்குப் பிடித்திருக்கிறது. அது கடிவாளம் போடுவது கம்பெனிக்கு, பிள்ளைக்கு அல்ல.

பாம்பன் தீவில் பாசி எடுக்கப் போகும் அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். குழுவில் வரும் எச்சரிக்கையை ‘நாளைக்கு வாடைக்காத்து பலமா இருக்குமாம்மா’ என்று வாசித்துச் சொல்வது எட்டாம் வகுப்பு மகள். அம்மா சொல்லச் சொல்லப் பதில் தட்டிப் போடுவதும் அவள்தான். பெயரும் எண்ணும் அம்மாவுடையவை, விரல் மகளுடையது. தன் குழுவில் மைனரே கிடையாது என்று அட்மின் நிம்மதியாக இருப்பார்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘வயதுக்கு வராதவர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இது வேண்டவே வேண்டாம். ‘வயசுக்கு வந்துட்டா’ என்றால் நம் பக்கம் பெண்பிள்ளை பூப்பெய்தியதைத்தான் சொல்கிறோம். சட்டத்தில் வயது வந்தால் உரிமை கூடும். வீட்டில் வயசுக்கு வந்தால் பெண்ணுக்கு உரிமை குறைகிறது. அண்ணனுக்குப் பதினாறில் போன் கைக்கு வருகிறது, தங்கைக்குப் பதின்மூன்றில் சடங்கு முடிந்ததும் இருந்த போனும் அலமாரிக்குப் போகிறது. ‘வயசுப் பொண்ணுக்கு எதுக்குத்தா போனு’ என்று அப்பத்தா கேட்டால் எந்தச் சட்டப் பிரிவும் வாய் திறக்காது. பிள்ளைகளை இணையத்தில் வரவேற்கலாமா என்ற கேள்வியைப் பையன்களை மட்டும் மனதில் வைத்துக் கேட்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஊர்க்கூட்டத்தின் அளவுகோல் வேறு. கல்யாணம் ஆனால்தான் தலைக்கட்டு, அதாவது ஊர்க் கணக்கில் ஒரு குடும்பம்; தலைக்கட்டானால்தான் வரி, வரி கொடுத்தால்தான் பேச்சு. முப்பது வயதானாலும் கல்யாணமாகாதவன் அங்கே மைனர் மாதிரிதான்.

பழந்தமிழ் ஒற்றைக் கோட்டில் நிற்கவில்லை. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல் ஆணுக்கு ஏழு வயது வரை பாலன், பத்து வரை மீளி, பதினான்கு வரை மறவோன், பதினைந்தில் திறலோன், பதினாறில் காளை, அதற்கு மேல் முப்பது வரை விடலை என்று படிப்படியாகப் பெயர் வைத்தது. பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று தனி வரிசை. (முப்பது வரை நீண்டிருந்த விடலையை நாம் பள்ளிக்கூடப் பையன் மேல் இறக்கிவிட்டோம்.) பத்து வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் ஒரே விதி போடும் குழுக்காரர்கள் இந்த வரிசையை ஒரு தரம் பார்க்கலாம். சின்னவர்கள் வாசிக்கட்டும், கொஞ்சம் வளர்ந்தவர்கள் கேள்வி கேட்கட்டும், பதினாறுக்கு மேல் பதிவும் போடட்டும்.

இன்றைய எழுத்துக்கு என் பரிந்துரை: சட்டப் பொருளில் இளவர். இளவல், இளவரசர், இளைஞர் போல ‘இள’ என்ற அடியில் எழுந்த சொல், ஆண் பெண் இருபாலருக்கும் பொருந்தும், குறைத்துப் பேசும் தொனியும் இல்லை. சிறார் என்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. பதினேழு வயதுக்காரனைச் சிறார் என்றால் சண்டைக்கு வருவான். இலங்கைத் தமிழர் சொல்லும் பராயமடையாதவர் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே விளக்க வேண்டிவரும். பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையானவர்களைப் பதின்மர் என்று எழுதாதீர்கள். பதின்மர் என்றால் பத்துப் பேர். பதின்வயதினர் என்பதே சரி. கார்டியனுக்குக் காப்பாளர்.

குழு விதியில் எழுதும்போது: ‘இளவர் சேரலாம். அவருடைய காப்பாளர் ஒருவர் இதே குழுவில் இருக்க வேண்டும். இளவருக்குப் பெரியவர்கள் யாரும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது.’