நக்கு: ஒரு சொல்லும் அதன் வாலும்

போன ஆவணியில் கனடாவிலிருந்து அக்காவின் மகள் வந்து நின்றாள். முல்லைத்தீவில், முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்காலை அண்டிய எங்கள் வளவில் அவளுக்கு முதலில் சிநேகிதமானது எங்கள் நாய் கறுப்பன்தான். மூன்றாம் நாள் தாவாரத்தில் இருந்துகொண்டு கூப்பிட்டாள்: "மாமா, இவன் என்னை விடாமல் கிஸ் பண்ணுறான்." அடுப்படிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "கிஸ்ஸும் மண்ணாங்கட்டியும். நக்குறான் மோனை. போய் முகத்தைக் கழுவு."

நாய் ஏன் விடாமல் நக்குகிறது என்று சொல்லத்தான் வந்தேன். அதற்கு முதல் அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் குறை சொல்ல ஏலாது. தமிழில் எழுதுகிறவர்களே இப்போது 'முத்தமிடுகிறது', 'நாவால் வருடுகிறது' என்றுதான் எழுதுகிறார்கள். நக்குகிறது என்று எழுத ஒரு கூச்சம். காரணம் இல்லாமல் இல்லை. 'நக்குற நாய்க்குச் செக்கென்ன, சிவலிங்கமென்ன', 'ஆறு நிறையத் தண்ணி போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும்', 'நக்குண்டார் நாவிழந்தார்' என்று எங்கள் பழமொழிகள் எல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லை ஏச்சுச் சொல்லாக்கி விட்டன. நாலடியாரில் நாய்க்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்ததும் நாக்கு அல்ல, வால்தான்: 'எறிந்தவேல் மெய்யதா வால்குழைக்கும் நாய்'. உடம்பில் வேல் தைத்து நிற்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வாலைக் குழைக்கிறதாம்.

ஆனால் சொல் பழையது, சுத்தமானது. நாவால் தொட்டு எடுப்பதுதான் நக்குதல். மலையாளத்தில் நக்குக, கன்னடத்தில் நெக்கு. தெலுங்கில் முதல் எழுத்து நீண்டு நாகு ஆகிறது. அந்தக் 'கு'வை அழுத்திச் சொல்ல வேண்டும். உணவு கொள்ளும் முறையை நான்காகப் பிரித்த பழைய கணக்கில் உண்ணல், தின்னல், பருகல் என்பவற்றோடு நக்கலும் சமமாக உட்கார்ந்திருக்கிறது. சோறு உண்பது, பணியாரம் தின்பது, பால் பருகுவது, தேன் நக்குவது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானோ என்று எங்கள் காட்டுப் பக்கத்தில் இன்றைக்கும் கேட்பார்கள். அதில் கள்ளம் இருக்கிறதே தவிர அருவருப்பு இல்லை.

லேகியம் என்று மரியாதையாகச் சொல்கிறோமே, அதுவும் நக்குதல்தான். வடமொழியில் 'லிஹ்' என்றால் நக்கு. 'லேஹ்யம்' என்றால் நக்கி உண்ண வேண்டியது. ஆங்கிலத்தின் 'லிக்' என்ற சொல்லுக்கும் அதற்கும் மூல வேர் ஒன்று. சித்த வைத்தியர்கள் சிலர் லேகியத்தைத் தமிழில் இளகம் என்பார்கள். ஆக வடமொழியில் நக்கினால் மருந்து, தமிழில் நக்கினால் இழிவு என்று ஒரு பாகுபாட்டை நாங்களே உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

'நக்கல் அடிக்காதை' என்பதில் வரும் நக்கலை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அது நகு என்ற வேரில் வந்தது, நகைப்போடு சேர்ந்தது. புகு புக்கான் ஆனதுபோல நகு நக்கான் ஆகும். சிரித்தான் என்று பொருள். நாய் என்ற பெயரே நாவிலிருந்து வந்தது, நாக்கைத் தொங்கவிடுவதால் அப்படி ஆயிற்று என்று சொல்வோரும் உண்டு. ஞாளி, ஞமலி என்ற பழைய நாய்ப் பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். நாய் ஏன் விடாமல் நக்குகிறது என்ற கேள்விக்குத் தமிழில் பாதி மறுமொழி சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. நக்கு என்பது தலை. அதன் பின்னால் வருகிற துணைவினை வால். நாயைப் போலவே இந்தச் சொல்லுக்கும் மனதைக் காட்டுவது வால்தான். அம்மா ஒரு நாளும் வெறுமனே 'நக்குது' என்று நிறுத்துவதில்லை. நக்கிக் குடுக்குது, நக்கிப் பாக்குது, நக்கிக் கேக்குது, நக்கிக்கொள்ளுது, நக்கிப்போட்டுது. அன்றைக்குப் பிள்ளைக்காகத்தான் சுருக்கிச் சொன்னா.

நக்கிக் குடுக்கிறது தாய். குட்டி விழுந்தவுடன் மேலே மூடியிருக்கிற சவ்வை நக்கி நீக்குகிறது. அந்த உரசலில்தான் குட்டி மூச்செடுக்கத் தொடங்கும். முதல் இரண்டு மூன்று கிழமைக்குக் குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்கத் தெரியாது. தாய் அடிவயிற்றை நக்கிக் கொடுத்தால்தான் போகும். கறுப்பனைக் கண் திறக்காத குட்டியாக வேலியடியில் இருந்து எடுத்து வந்தோம். தாயைக் காணவில்லை. அம்மா பழைய சாறத்தில் ஒரு துண்டு கிழித்து, இளஞ்சூட்டுத் தண்ணியில் நனைத்துப் பிழிந்து, பால் பருக்கின பிறகெல்லாம் அவனுடைய அடிவயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல ஒற்றி எடுப்பா. ஒற்றி ஒற்றி நாலாவது தரம் துண்டு மஞ்சளாக ஈரமாகும். "பார், தாய் நக்கிக் குடுக்கிற வேலையைச் சாறத்துண்டு செய்யுது" என்பா. தன் உடம்பில் உலகம் முதன்முதல் பட்டதே ஒரு நாக்கின் வழியாக என்றால், அந்தப் பிராணி பிறகு உறவுக்கு நாக்கை நீட்டுவதில் புதுமை இல்லை.

நக்கிப் பாக்கிறது சுலபம். வயலில் நின்று வந்த காலில் உப்பு இருக்கிறது, கருவாடு வெட்டின கையில் மணம் இருக்கிறது. கறுப்பன் என் கெண்டைக்காலை நக்கும்போது சேறு காய்ந்த கோடு வரைக்கும் வந்து நிறுத்துவான். அதற்குக் கீழே தொடமாட்டான். அவனுக்கு வேர்வைதான் வேண்டும். நாயின் மேலண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், ஜேக்கப்சன் உறுப்பு என்று ஒன்று திறக்கிறது. மூக்கும் நாக்கும் சந்திக்கிற இடம் மாதிரி. நாங்கள் எழுதினதை வாசிப்பதுபோல அது எங்களை வாசிக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

முகத்தை நக்குவதைத்தான் பிள்ளை முத்தம் என்றாள். அங்கேதான் பிழை பெரிது. ஓநாய்க் குட்டிகள், வேட்டையால் திரும்பி வரும் பெரியவற்றின் வாயோரத்தை நக்கும். நக்கினால் பெரியது வயிற்றில் இருக்கிற இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். நாய்க்குட்டிகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. வளர்ந்த பிறகு இரை கேட்பது போய், 'நான் சின்னவன், நீ பெரியவன், வந்துவிட்டாய்' என்ற கும்பிடாக அது மிஞ்சுகிறது. ஆக வேலை முடிந்து வந்து படலையைத் திறக்கும்போது பாய்ந்து வந்து எங்கள் வாயை நக்குகிற நாய், வேரைத் தேடி மொழிபெயர்த்தால், 'கக்கித் தா' என்றுதான் கேட்கிறது. இதை மருமகளுக்குச் சொன்ன நேரம் அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

நக்கிக் கேக்கிறதில் இன்னொரு வகை நாங்களே பழக்கினது. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது கறுப்பன் முழங்காலை நக்குவான். நான் சிரித்துக்கொண்டு "போடா" என்பேன். சில நாள் பாண் கரையைப் பிய்த்துப் போடுவேன், சில நாள் போடமாட்டேன். ஒவ்வொரு முறையும் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பிடிவாதம் வந்திராது. சில முறை கிடைக்கும், சில முறை கிடைக்காது என்றிருக்கிற பழக்கம்தான் கெதியில் விடாது. அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குகிறவனைக் கேட்டால் சொல்வான். ஏசினாலும் நாய்க்கு அது பேச்சுத்தான், கவனிப்புத்தான். நிறுத்த வேண்டுமென்றால் நக்கின கணமே எழும்பி, ஒன்றும் பேசாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். நக்காமல் பக்கத்தில் படுத்திருக்கும்போது கூப்பிட்டுத் தடவிக் கொடுக்க வேண்டும். முதல் சில நாளுக்கு நக்குவது கூடும். வழக்கமாகத் திறக்கிற கதவு திறக்காவிட்டால் நாங்களும் முதலில் பலமாகத்தானே தட்டுவோம். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்தால் அடங்கும். எங்கள் வீட்டில் அம்மா ஒளித்துப் பாண் போட்டதால் இரண்டு மாதம் இழுத்தது.

அழுகிறவரை நாய் நக்குவது குடுக்கிறதா, கேக்கிறதா? 2012 இல் இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 18 நாய்களை அவற்றின் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். வளர்ப்பவரும் முன்பின் தெரியாத ஒருவரும் மாறி மாறி அழுவதுபோல நடித்தார்கள், முணுமுணுவென்று பாடினார்கள், சும்மா கதைத்தார்கள். அழுதபோது 15 நாய்கள் கிட்டப் போயின, அழுதது அந்நியர் என்றாலும்கூட. கிட்டப் போய் முகர்ந்தன, மூக்கால் இடித்தன, நக்கின. ஆய்வாளர்களோ அதை உடனே இரக்கம் என்று அறுதியிட்டுவிடவில்லை. முன்பு அழுதவர்கள் கட்டிப்பிடித்துத் தடவிய பழக்கமாகவும் இருக்கலாம் என்றார்கள். இங்கே குடுவும் கேளும் ஒரே நாக்கில் இருக்கின்றன.

நக்கிக்கொள்ளுது என்பதுதான் கவலைக்குரிய வால். கொள் என்றால் தனக்குத் தானே. கச்சான் பிடுங்கின கிழமை நாங்கள் விடிய வெளிக்கிட்டு இருட்டினபின்தான் வருவோம். பக்கத்துத் தோட்டத்தைக் கிண்டுகிறான் என்று கறுப்பனைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போனோம். ஐந்தாம் நாள் பார்த்தால் இடது முன்னங்காலின் மணிக்கட்டில் இரண்டு ரூபாய்க் குத்தியளவுக்கு மயிர் கொட்டி, தோல் சிவந்து, தடித்து, ஈரமாக மினுங்கியது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு 'அக்ரல் லிக் டெர்மடைட்டிஸ்' என்று எழுதித் தந்தார். அக்ரல் என்பது கிரேக்கத்தில் நுனி, முனை என்ற சொல்லில் இருந்து வருவது. கைகால் நுனிப் பக்கத்தைச் சுட்டுகிறது. தமிழில் நக்குப்புண் என்றால் போதும், துல்லியமாக வேண்டுமென்றால் நுனிக்கால் நக்குப்புண். தனிமை, சலிப்பு, பயம், மூட்டு நோ, தோல் ஒவ்வாமை, உண்ணி, தெள்ளு எல்லாம் இதற்குக் காரணமாகலாம். புண் நக்க வைக்கும், நக்கினால் புண் பெருக்கும். நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றும் என்கிற நம்பிக்கை இங்கே ஆளைக் கெடுக்கிறது. எச்சிலில் சில கிருமிகளைக் கொல்லும் பொருட்கள் உண்டுதான். ஆனால் ஓயாமல் ஈரமாக உரசப்படுகிற தோல் ஆறாது.

ஆளை விட்டுச் சுவர், சீமெந்துத் தரை, பாய் என்று நக்கிக்கொண்டே நிற்கிற நாயும் உண்டு. 2012 இலேயே கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் அப்படியான 19 நாய்களைச் சோதித்தார்கள். 14 இல் வயிறு, குடல் சம்பந்தமான கோளாறு இருந்தது. கெட்ட பழக்கம் என்று அடிப்பதற்கு முதல் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

கடைசி வால் போடு. 'நக்கிப்போட்டுது' என்றால் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. நோயின் பெயரே எங்களை ஏமாற்றுகிற இடம் இது. இலத்தீனில் ரேபிஸ் என்றால் வெறி. எங்கள் விசரும் அதே பொருள்தான். ஆனால் நாங்கள் அதை விசர்நாய்க்கடி என்று 'கடி'யோடு சேர்த்து வைத்திருக்கிறோம். கடித்தால்தான் ஆஸ்பத்திரி, நக்கினால் ஒன்றுமில்லை என்று ஊரில் பலர் இருப்பதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்பேன். கிருமி இருப்பது எச்சிலில். காயமில்லாத தோலை நக்கினால் பயமில்லை, கழுவினால் சரி. காயத்தையோ, கீறலையோ, கண், வாய் போன்ற மென்சவ்வையோ விசர் பிடித்த, அல்லது விசர் என்று சந்தேகப்படுகிற நாய் நக்கியிருந்தால் உலக சுகாதார நிறுவனம் அதை ஆழக் கடித்ததோடு ஒரே வகையில், மூன்றாம் வகையில், வைக்கிறது. 15 நிமிடம் ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; அரச ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். நீர்வெறுப்பு நோய் என்ற மற்றப் பெயர் இதைவிட நல்லது, கடியைப் பற்றி அதில் பேச்சில்லை. தோட்டக்காரரின் காலில் கீறல் இல்லாத நாள் ஏது? அதனால் வளர்ப்பு நாய்க்கு வருடா வருடம் ஊசி போட்டிருப்பதுதான் பெரிய காரியம். குழந்தைகளின் வாயையும் கண்ணையும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், நக்க விடாமல் இருப்பது நல்லது.

மருமகள் புரட்டாதியில் திரும்பிப் போனாள். அங்கேயிருந்து வீடியோவில் கதைத்தால் முதலில் கறுப்பனைத்தான் காட்டச் சொல்வாள். போன ஞாயிறு அவனுடைய இடது காலைத் தூக்கிக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தேன். சங்கிலி கழற்றிய பிறகு புண் மாறிவிட்டது. ஆனால் கன்னங்கரிய காலில் அந்த இடத்தில் மட்டும் மயிர் வெள்ளையாக முளைத்திருக்கிறது. "வட் இஸ் தற் மாமா?" என்றாள். அம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துச் சொன்னா: "அது நக்குத் தழும்பு."