காம்பிட்: தமிழில் பலித்தொடக்கம்

சதுரங்கத்தில் முதல் சில நகர்த்தல்களுக்குள்ளேயே ஒரு காயை, பெரும்பாலும் ஒரு சிப்பாயை, 'வெட்டிக்கொள்' என்று எதிராளிக்கு விட்டுக்கொடுப்பது காம்பிட். அவர் சிப்பாயை வெட்டி முடிப்பதற்குள் நம் குதிரையும் மந்திரியும் களமிறங்கிவிடும், நடுக்கட்டங்களும் நம் கைக்கு வரும்.

இத்தாலிய மொழியில் 'காம்பா' என்றால் கால். 'காம்பெட்டோ' என்பது காலை இடறிவிடுவது. ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் வெளியிட்ட சதுரங்க நூலில் இதை ஆட்டச் சொல்லாகக் கையாண்டார்.

தமிழில் வெறும் 'பலி' என்றால் போதாது. ஆட்டத்தின் நடுவில் யானையைக் கொடுப்பதும் பலிதான். 'பலித்தொடக்கம்' என்றால் குழப்பமில்லை; எதிராளி வெட்டினால் பலியேற்பு, வெட்டாவிட்டால் பலிமறுப்பு. ஆனால் குவீன்ஸ் காம்பிட்டை 'ராணிப்பலி' என்று எழுதிவிடக் கூடாது. அங்கே கொடுப்பது ராணியை அல்ல, ராணி நிற்கும் பக்கத்துச் சிப்பாயை. கிங்ஸ் காம்பிட் 'ராஜாப்பலி' ஆனால் ஆட்டமே முடிந்துபோகும்! ராணிப்பக்கப் பலித்தொடக்கம், ராஜாப்பக்கப் பலித்தொடக்கம் என்பவையே சரி.

ராணிப்பக்கப் பலித்தொடக்கத்தில் (வெள்ளை டி4, கறுப்பு டி5, வெள்ளை சி4; எழுத்து கட்டத்தின் நெடுவரிசை, எண் குறுக்குவரிசை) கறுப்பு சி4 சிப்பாயை வெட்டலாம், காப்பாற்றத்தான் முடியாது. தொடக்கநிலைப் போட்டிகளில் கறுப்பு தடுக்கி விழும் இடம் இதுதான். வெள்ளை இ3 வைத்ததும், வெட்டிய சிப்பாயை விட மனமில்லாமல் பி5 ஆடுவார்கள். வெள்ளை ஏ4 என்று தாக்கும். ஏ6 வைத்துத் தாங்கினால், வெள்ளை பி5இல் வெட்டும்போது ஏ-சிப்பாயால் திருப்பி வெட்ட முடியாது. வெட்டினால் ஏ8 யானை போய்விடும். அதற்காகச் சி6 வைத்து, சி-சிப்பாயால் திருப்பி வெட்டினாலோ வெள்ளை ராணி எஃப்3க்கு வந்துவிடும். மூலைவிட்டம் முழுக்கத் திறந்திருப்பதால் ஏ8 யானை மாட்டிக்கொள்ளும். அதைக் காக்கக் குறைந்தது ஒரு குதிரையையோ மந்திரியையோ இழக்க வேண்டும். சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எஃப்6 குதிரை, இ6, சி5 என்று ஆடுவதே நல்லது.

ராஜாப்பக்கப் பலித்தொடக்கம் (வெள்ளை இ4, கறுப்பு இ5, வெள்ளை எஃப்4) உண்மையான பலி: கறுப்பு ஜி5 வைத்துச் சிப்பாயைத் தக்கவைக்க முடியும். இங்கே தவறுவது வெள்ளை. கறுப்பு வெட்டியதும் குதிரையை எஃப்3க்குக் கொண்டுவராமல் டி4 ஆடினால், கறுப்பு ராணி எச்4இல் செக் வைக்கும். பெரும்பாலும் ராஜாவே இ2க்கு நகர நேரும். கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம்மாற்றி ராஜாவைப் பாதுகாக்கும்) உரிமையும் அதோடு போகும்.