வெள்ளத்தில் வற்றும் தொட்டி

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப்போட்டபோது, எங்கள் குடியிருப்பில் முதலில் தீர்ந்தது தண்ணீர். தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது; குளியலறைக் குழாயைத் திறந்தால் காற்று சீறுகிறது. சென்னையில் வீட்டுத் தண்ணீர் பெரும்பாலும் கீழே தரையடித் தொட்டியான சம்ப்பில் கிடக்கிறது. மோட்டார் ஏற்றினால்தான் அது மாடித் தொட்டிக்குப் போகும். தெருவில் வெள்ளம் நிற்கும்போது மின்கசிவுக்கு அஞ்சி மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். மோட்டார் நின்றால் மாடித் தொட்டியில் மிச்சமிருப்பதுதான் கையிருப்பு. அதற்குள் சம்ப் மூடியின் இடுக்கு வழியே சாக்கடை இறங்கியிருக்கும்.

ஆகவே புயல்கால அவசரப் பையை நான் மெழுகுவர்த்தியில் தொடங்குவதில்லை. கரண்ட் போனால் கூடவே எவையெல்லாம் போகும் என்று எண்ணிப் பார்த்துத்தான் நிரப்புகிறேன்.

தண்ணீர்க் கணக்கு சுலபம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டராவது வேண்டும். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு. பல வீடுகளில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் புயலன்று பார்த்துப் பாதியில் நிற்கும்.

கேனும் தீர்ந்த பிறகு, சந்தேகத்துக்குரிய தொட்டித் தண்ணீரைக் காய்ச்சலாம். கேஸ் அடுப்புக்குக் கரண்ட் தேவையில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் குளோரின் மாத்திரைதான் கதி. அந்த மாத்திரை தண்ணீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தருகிறது. கிருமியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உடையது. எதிர்மின் ஏற்றத்தோடு வருவதை அது விலக்கித் தள்ளும். இந்த அமில மூலக்கூறுக்கோ ஏற்றமே இல்லை. சத்தமின்றி உள்ளே நுழைந்து, கிருமியை இயக்கும் புரதங்களைச் சிதைத்துவிடுகிறது. அதற்கு அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது அட்டைக்கு அட்டை மாறும், படித்துவிட்டுப் போடுங்கள்.

கலங்கல் நீரில் இந்த வித்தை பலிக்காது. குளோரினுக்குக் கிருமி என்றும் சேறு என்றும் பேதம் தெரியாது; அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். எனவே முதலில் வடிகட்ட வேண்டும், அதற்குப் பழைய சேலை போதும். வங்கதேசக் கிராமங்களில் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. நான்காக மடித்த பழைய பருத்திச் சேலையில் வடிகட்டிக் குடித்த வீடுகளில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. காலராக் கிருமி சேலை நூலிடுக்கில் புகுந்துவிடும் அளவுக்குச் சிறியதுதான். ஆனால் அது மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது, அவை துணியில் மாட்டிக்கொள்கின்றன. துவைத்துத் துவைத்து நூல் உப்பிப்போன பழைய சேலையில் இடுக்கு இன்னும் குறுகும். பாட்டி சேலையைத் தூக்கிப் போடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது வயிறு கெட்டுவிட்டால் ஓ.ஆர்.எஸ். வேண்டும், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடி. வங்கி லாக்கர் இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் அல்லவா, நம் குடல் சுவரிலும் அப்படி ஒரு கதவு இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் இரண்டையும் உள்ளே விடும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். காலராவிலும் இந்தக் கதவு பழுதாவதில்லை. 1971இல் வங்க அகதிகள் குவிந்த, மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டிக் கெட்டியாகக் கலக்கினால், உடலிலிருக்கும் நீரையும் அது குடலுக்குள் இழுத்துவிடும்.

அடுத்தது போன். செல்போன் கோபுரமும் பேட்டரியில்தான் மூச்சுவிடுகிறது. சில மணி நேரத்தில் அதுவும் அடங்கும். சிக்னல் மங்கினால் எங்கோ இருக்கும் கோபுரத்தை எட்டுவதற்காக நம் போன் உரக்கக் கத்துகிறது, சார்ஜ் கரைகிறது. பேசாத நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பவர் பேங்க்கில் 10,000 mAh என்று போட்டிருந்தாலும் 5,000 mAh பேட்டரி உள்ள போனை இரண்டு முறை நிரப்பாது. உள்ளே இருக்கும் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்துவதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். மாநில, மாவட்டப் பேரிடர் உதவி எண்களான 1070, 1077 இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி, ஆதார் நகலோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன்.

அந்த டிசம்பரில் பரணிலிருந்து டார்ச்சை எடுத்துத் திறந்தேன். ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பூப்பூத்து, செல்கள் குழலோடு ஒட்டியிருந்தன. அல்கலைன் செல் பயன்படாமல் கிடந்தால் உள்ளே வாயு சேர்ந்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். காற்று பட்டதும் அது வெள்ளை உப்பாக உறையும். கத்தியால் நெம்பியும் வரவில்லை. இப்போதெல்லாம் செல்களைத் தனி உறையில்தான் வைக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் ஆயுத பூஜை வருவது வசதி. அன்று பை கீழே இறங்குகிறது, மாத்திரையின் தேதி பார்க்கப்படுகிறது, புது டார்ச்சுக்கும் ஒரு சந்தனப் பொட்டு உண்டு.