85-ல் நின்றுபோன எண்

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தாய்மாமா மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பிடிக்க மருந்து அடித்திருக்கிறார். முதுகில் மாட்டிய டேங்க் மூடி சரியாக இறுகவில்லை. மருந்து கசிந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "பாதி வேலைய வுட்டுப்போட்டு எப்புடிங் போறது" என்று ஈரச் சட்டையோடு கடைசி வரப்பு வரை அடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம்.

சாயங்காலம் தலைவலி, கிறுகிறுப்பு. உதடும் நகமும் நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டன. ஏதோ தீண்டியிருக்கிறது, மந்திரித்துவிடலாம் என்றார்கள் அக்கம்பக்கத்தில். வாசகி அதைக் காதில் வாங்காமல் வண்டி வைத்துக் கோவைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டிய கருவி 85 காட்டியது. ஆக்சிஜன் வைத்தார்கள், 85. முகமூடியை மாற்றி வேகத்தைக் கூட்டினார்கள், அப்போதும் 85. நுரையீரல் படம் சுத்தம். கடைசியில் ஒரு மருத்துவர் ரத்தத்தை ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்துவிட்டு, நீல நிற ஊசி போடச் சொன்னாராம். அரை மணி நேரத்தில் உதடு சிவந்தது.

"ஆக்சிஜன் கொடுத்தும் ஏன் ஏறவில்லை? அந்த நீல ஊசி திருப்பூரில் துணிக்குப் போடுகிற சாயம் மாதிரியே இருந்ததே, அதுதானா?" இவைதான் அவருடைய கேள்விகள். இரண்டும் அருமையான கேள்விகள்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் அடிப்படை. சிவப்பணுவில் ஹீமோகுளோபின், அதில் நான்கு இரும்பு அணுக்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜனைச் சுமக்கும். அந்த இரும்பு ஃபெர்ரஸ் நிலையில் இருந்தால்தான் சுமக்க முடியும். ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெர்ரிக் ஆகிவிட்டால் ஆக்சிஜன் அதில் ஒட்டாது. அப்படி மாறியதற்குப் பெயர் மெத்ஹீமோகுளோபின். பூப்பிடிக்க அடிக்கும் மருந்துகள் பலவற்றில் நைட்ரோபென்சீன் இருக்கிறது. அது தோல் வழியாகவே உள்ளே போகும். உடம்புக்குள் அது மாறி உருவாகும் பொருட்கள் இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கின்றன. போதாததற்கு, நான்கில் ஒன்றிரண்டு கெட்டுப்போனால் மிச்சமிருக்கும் நல்ல இரும்பு தன் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு திசுக்களுக்கு விட மறுக்கும்.

இப்போது ஆக்சிஜன் ஏன் பலிக்கவில்லை என்பது புரியும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, மடை அடைத்துக் கிடக்கிறது. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விட்டு வயலுக்கு என்ன லாபம்? ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தத்தை அளந்தால் அது நன்றாகவே இருக்கும். அந்த முடிவும் விரல் கருவியின் முடிவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் மருத்துவருக்குக் கிடைக்கும் முதல் துப்பு.

சரி, ஏன் 85? ஏன் 72 இல்லை, 91 இல்லை? எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய அந்தக் கிளிப்பைத் திறந்து பாருங்கள். சிவப்பு விளக்கு ஒன்று தெரியும். பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும் எரிகிறது. அலைநீளம் ஒன்று 660 நானோமீட்டர், மற்றது 940. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பைத் தாராளமாக விட்டுவிட்டு அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் நேர்மாறு. ஆனால் விரலில் தோல், எலும்பு, சிரை ரத்தம் எல்லாமே வெளிச்சத்தை விழுங்குமே, தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது?

இதற்கு வழி கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. அவர் தேடிப்போனது வேறொன்று. ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காது மடலில் வெளிச்சம் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பால் அளவு ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தை ஒழிக்கப் போராடியபோதுதான் தோன்றியது: ஆடுவது தமனி ரத்தம் மட்டும்தானே! ஆடாததைக் கழித்துவிட்டு ஆடுவதை மட்டும் இரண்டு வெளிச்சத்திலும் அளந்து விகிதம் எடுத்தால் போதும். 1974-ல் அதை வெளியிட்டார். தொந்தரவு என்று நினைத்ததே விடையாக இருந்தது! உலகமே அந்தக் கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

அந்த விகிதத்துக்கும் ஆக்சிஜன் சதவீதத்துக்கும் உள்ள உறவை, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களிடம் அளந்து, ஓர் அட்டவணையாகக் கருவிக்குள் பதித்திருக்கிறார்கள். விகிதம் சுமார் 0.4 என்றால் 100 சதவீதம். 1 என்றால் 85.

மெத்ஹீமோகுளோபின் சிவப்பையும் அகச்சிவப்பையும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுங்குகிறது. அது கூடக் கூட விகிதம் 1-ஐ நோக்கிப் போகும். 1 என்றதும் அட்டவணை 85 என்கிறது. மாமாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கிற ஹீமோகுளோபின் 60 சதவீதமாக இருந்திருந்தாலும் கருவி 85-ஐ ஒட்டித்தான் காட்டியிருக்கும்.

திருப்பூரில் ஷேட் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டு துணிகள் ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும், இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரியும். அதனால்தான் லைட் பாக்ஸில் விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கிளிப்பில் இருப்பது இரண்டே விளக்குகள். இரண்டு சமன்பாடுகளை வைத்து இரண்டு தெரியாத எண்களைத்தான் கண்டுபிடிக்க முடியும், மூன்றாவது ஆள் உள்ளே நுழைந்தால் கணக்கு குழம்பிவிடும். பல அலைநீளங்களில் அளக்கும் கோ-ஆக்சிமீட்டர்தான் மெத்ஹீமோகுளோபினைத் தனியாகப் பிரித்து இத்தனை சதவீதம் என்று சொல்லும். அது இல்லாத இடத்தில் அந்த மருத்துவர் செய்த சோதனை போதும். வெள்ளைத் தாளில் விட்ட சாதாரண சிரை ரத்தம் காற்றுப் பட்டதும் சிவக்கும். இது கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாகவே கிடக்கும்.

அப்புறம் அந்த நீல ஊசி. ஆமாங்க, அது சாயமேதான். மெத்திலீன் புளூ. 1876-ல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ உருவாக்கிய சாயம். 1891-ல் பால் எர்லிக் அதையே மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். கெட்டுப்போன இரும்பைத் திருத்த நம் சிவப்பணுக்களில் தினமும் வேலை செய்கிற ஒரு நொதி உண்டு. அதனால்தான் மெத்ஹீமோகுளோபின் எப்போதும் 1 சதவீதத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அதோடு இன்னொரு நொதியும் இருக்கிறது, ஆனால் அதற்கு எலக்ட்ரானைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லாததால் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. மெத்திலீன் புளூ அந்த ஆளாக வந்து சேர்கிறது. எலக்ட்ரானை வாங்கியதும் நிறமிழக்கும், இரும்பிடம் கொடுத்ததும் மறுபடி நீலமாகும். இண்டிகோ தொட்டியில் மஞ்சள் பச்சையாக நனைந்த நூல் காற்றில் தூக்கியதும் நீலமாவதைப் பார்த்தவர்களுக்கு இதே வேதியியல் ஏற்கெனவே கண்ணால் தெரியும்.

ஊசி போட்ட உடனே கிளிப்பில் எண் இன்னும் சரிந்தது, எல்லோரும் பயந்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறார் வாசகி. சாயம் சிவப்பு வெளிச்சத்தை விழுங்குவதால் வந்த போலிச் சரிவு அது. ஊசிக்கு முன்னால் "குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உடைகிற கோளாறு உண்டா" என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு எலக்ட்ரான் இருப்பே கம்மி. அவர்களிடம் சாயம் வேலை செய்யாது, சிவப்பணுக்களையும் உடைத்துவிடும்.

மந்திரிப்பது பற்றி எனக்கு மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உடம்பு நீலம் பாய்ந்தால் பாம்பு விஷம் என்கிற நம்பிக்கை நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாம்பாகவே இருந்தாலும் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான், நைட்ரோபென்சீனாக இருந்தாலும் அதேதான். மந்திரிப்பவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் போதுமான ஆக்சிஜன் போகாது. அதே அளவுக்கு ஆதங்கம் இன்னொன்றிலும் இருக்கிறது. மஞ்சளும் மல்லிகையும் மிளகாயும் விளைகிற இந்த மண்ணில் மருந்து அடிக்கிறவர்களின் ரத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரி தோறும் மெத்திலீன் புளூ இருக்க வேண்டும், மாவட்டத் தலைமை மருத்துவமனை தோறும் கோ-ஆக்சிமீட்டர் இருக்க வேண்டும். மருந்து பழையது, விலையும் அதிகமில்லை.

வாசகியின் கடைசிச் சந்தேகம்: "மாமா தேறிவிட்டார், ஆனாலும் நாலு நாள் வீட்டுக்கு விடவில்லை, ஏன்?" நைட்ரோபென்சீன் கொழுப்பில் தங்கிக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே வரும். ஒரு ஊசியில் சிவந்த உதடு மறுநாளே மறுபடி நீலமாகலாம், மறுபடி ஊசி தேவைப்படலாம். மாமாவின் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போனதைப் பார்த்துப் பயந்த அத்தையிடம் சொல்லுங்கள், அது வேலை முடித்து வெளியேறுகிற சாயம், சில நாளில் தெளிந்துவிடும். அந்தச் சட்டையை மட்டும் மாமா மறுபடி போட வேண்டாம்.